மாமாவின் காருக்கு ஒரு காஸ்கட்

எங்கள் வீட்டில் நான் மூடிய போத்தலை வேறு யாராலும் திறக்க முடியாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. என் மனைவி முறைப்பாடாகச் சொல்வது. ஊறுகாய்ப் போத்தல், நல்லெண்ணெய்ப் போத்தல், தண்ணீர்க் குழாய், எதுவானாலும் கடைசியில் ஒரு திருகு கூடுதலாகத் திருகாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. அரியாலையில் எங்கள் குறுகிய ஒழுங்கையால் போகிற குழாய் திருத்துநர் என்னைக் கண்டால் தானாகவே சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். அரசாங்கத்தில் காணிப் படம் வரைகிற வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான். கோடு மயிரிழை விலகினாலும் நித்திரை வராத தொழில் அது. அந்தப் பழக்கம்தான் கைக்குள் இறங்கிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

மனைவி அதை ஒப்புக்கொள்வதில்லை. அவள் முப்பத்தைந்து வருடம் நேர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "நீங்கள் பூட்டின போத்தலைத் திறக்க ஆஸ்பத்திரியிலை இருந்து எலும்பு அரியிற வாள்தான் கொண்டு வரவேணும்" என்பாள்.

இந்தக் குணம் எங்கள் காரை எங்கே கொண்டுபோய் விடப் பார்த்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் கார் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அது மாமாவின் கார். மாமா என்றால் என் மனைவியின் தகப்பனார், ஊர் நிருவாகம் பார்க்கிற விதானையாராக இருந்தவர். இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த கார் அது. வயதில் என்னைவிட மூத்தது. போர் நடந்து, பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மாமா அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சின்னப் போத்தல் ஒன்றில் ஒளித்து வைத்த பெற்றோலை நாலு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். மாமாவின் முகத்திலோ கப்பல் ஓட்டுகிற களை இருக்கும்.

அந்த முகத்தை நான் பக்கத்துச் சீற்றில் இருந்தே பார்த்திருக்கிறேன். கலியாணம் செய்த நாளிலிருந்து அவர் கண் மூடும்வரை ஒரு நாள்கூட என்னை ஸ்டியரிங் பக்கம் விடவில்லை. நானும் கேட்காமல் விடவில்லை. காய்ச்சலில் அனுங்கிக்கொண்டு ஓட்டிய நாளிலும் கேட்டேன். கண்ணில் சத்திரசிகிச்சை செய்து பச்சைத் துணி கட்டியிருந்தபோதும் கேட்டேன். மறுமொழி ஒன்றுதான்.

"கியர் கடுமை, தம்பி. உமக்குச் சரிவராது."

ஆறு வருடங்களுக்கு முன் மாமா காலமானார். அவருடைய இரண்டு ஆண் பிள்ளைகளும் கனடாவில். கார் எங்களிடம் வந்தது. காரின் திறப்பை முதன்முதலாகக் கையில் வாங்கிய அன்று துக்கத்தோடு துக்கமாக எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? இருபத்தைந்து வருடம் காத்திருந்தவன். கியர் ஒன்றும் அவ்வளவு கடுமையாகவும் இல்லை.

மனைவிக்கு அந்தக் காரில் துளியும் பிடிப்பில்லை. எங்கே போனாலும் தன் ஸ்கூட்டரில்தான் போவாள். ஸ்கூட்டருக்கு லைசன்ஸ் எடுத்தபோது பயிற்சிக்காரரின் காரில் ஓடிக் காட்டிக் காருக்கும் சேர்த்து எடுத்தவள். அந்த அட்டை அவளுடைய கைப்பையில் சும்மா கிடந்தது. காரை விற்றுவிடச் சொல்லி ஆறு வருடமாக வாரத்துக்கு ஒருமுறை சொல்லுவாள். நான் கேளாதது போல் இருந்துவிடுவேன்.

இந்தச் சித்திரை கழிந்து கார் நிற்கிற முன் தாழ்வாரத்துக்கு வெள்ளை நிறத் தரையோடுகள் பதித்தோம். பதித்த மூன்றாம் நாள் அதன் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. துடைத்தோம். மறுநாள் இரண்டு பொட்டு. எஞ்சினின் தலையில் வால்வுகளை மூடியிருக்கிற நீளமான தகரப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு காஸ்கட் இருக்கிறது. தக்கையில் செய்தது. அது பழுதாகி, ஒயில் கசிந்து, எஞ்சினின் விலாவால் வழிந்து தரைக்கு வந்துகொண்டிருந்தது. மனைவி ஒரு பிஸ்கட் தகரப் பேணியின் மூடியைக் கீழே வைத்தாள். கார் ஒவ்வொரு நாளும் அந்த மூடிக்கு ஒரு சாண் தள்ளியே ஒழுகியது.

அந்த வாரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து ஒரு மனிதர் தொலைபேசி எடுத்தார். பழைய கார்களை வாங்கிக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். சனிக்கிழமை யாழ்ப்பாணம் வருகிறாராம். எங்கள் காரைப் பற்றி யாரோ சொன்னார்களாம். சொன்ன அந்த "யாரோ" எங்கள் வீட்டுக் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலைத் தேத்தண்ணியோடு தீர்ப்பு வந்தது.

"இஞ்சரப்பா, நான் நியாயமாத்தான் கதைக்கிறன். வியாழக்கிழமை பின்னேரம் காருக்குக் கீழை ஒரு வெள்ளைக் கடுதாசி விரிப்பம். வெள்ளிக்கிழமை காலமை பாப்பம். ஒரு துளியும் இல்லாட்டி நான் இனி வாயே திறக்கமாட்டன். ஒரு துளி கிடந்தாலும் சனிக்கிழமை கொழும்பான் கொண்டு போகட்டும். சரியோ?"

"சரி" என்றேன். சொல்லிவிட்டுத்தான் விரல் விட்டு எண்ணினேன். மூன்று நாட்கள்தான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாண நகரத்தில் வாகன உதிரிப்பாகம் விற்கிற கடைகள் அத்தனையும் ஏறி இறங்கினேன். காரின் வயதைச் சொன்னதும் ஒரு கடைக்காரப் பெடியன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஐயா, இது மியூசியத்திலைதான் கேக்கவேணும்" என்றான். இன்னொரு கடையில் கொழும்பில் சொல்லி எடுக்கலாம், பத்து நாளாகும் என்றார்கள். நான் நேரே குருநகருக்குப் போனேன். அங்கே என் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள் நாங்கள். கடற்கரையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது அவன் தொழில். அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாதா படத்துக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த தக்கைத் தாள் ஒன்றை எடுத்தான். அவனிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

"மச்சான், வடிவாக் கேள். இது தக்கை, இரும்பில்லை. நட்டு வந்து தொட்ட உடனை பேந்து அரைச் சுத்து. அவ்வளவுதான். அதுக்கு மேலை கை வையாதை. இறுக்க இறுக்க இது பிதுங்கி வெளியிலை வந்திடும்."

"ஓம், ஓம்."

"நீ ஓம் எண்டு சொல்லேக்கையே எனக்குப் பயமாக் கிடக்கு" என்றான். எட்டாம் வகுப்பில் நான் வட்டம் கீறுகிற வட்டாரியின் திருகைக் கழற்ற முடியாதபடி பூட்டிக் கொடுத்ததை அவன் இன்னும் மறக்கவில்லை.

புதன்கிழமை காலை பொனட்டைத் திறந்தேன். மூடியை இரண்டு நட்டுகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன. கழற்றி, மூடியை மெதுவாகத் தூக்கினேன். உள்ளே வால்வுகளும் அவற்றை அமத்துகிற கைகளும் தேன் நிறத்து ஒயிலில் நனைந்து மினுங்கின. ஆறு வருடம் ஓட்டியும் அந்த எஞ்சினின் உட்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். மாமாவின் சட்டைப்பைக்குள் கைவிட்டது போல ஒரு கூச்சம் வந்தது. பழைய காஸ்கட் தீய்ந்த அப்பளமாகி ஒட்டிக்கிடந்தது. துகள்கள் எஞ்சினுக்குள் விழாமல் ஒரு துவாயால் மூடிவிட்டு, சவரப் பிளேட்டால் சுரண்டி எடுத்தேன். விருந்தாளிகளுக்கென்று மனைவி எடுத்து வைத்திருந்த துவாய் அது என்பது மத்தியானம்தான் தெரியவந்தது. அந்தப் பேச்சு தனி.

தக்கைத் தாளை விரித்து, மூடியின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து, அளந்து வெட்டினேன். வெட்டுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. சொந்தக்காரருக்குப் பாகப் பிரிவினைப் படம் வரைந்தபோதுகூட அவ்வளவு கவனம் எடுத்ததில்லை. காஸ்கட் கச்சிதமாக உட்கார்ந்தது. மூடியை வைத்து நட்டுகளைத் திருகினேன். நட்டு வந்து தொட்டது. அரைச் சுற்று. நிறுத்தினேன். ஸ்பானரைக் கீழே வைத்தேன். கையைக்கூடத் துடைத்துவிட்டேன்.

பிறகு நின்று பார்த்தேன். அரைச் சுற்று காணுமா, போதுமா? தெருவில் குண்டும் குழியும். எஞ்சினோ மாமாவின் எஞ்சின், ஆடுகிற ஆட்டம் கொஞ்சமா? ஒரு கால் சுற்று வைத்தால் என்ன, என்று கை சொன்னது. வைத்தேன். வைத்த பிறகு மற்ற நட்டுக்கும் வைத்தால்தானே நியாயம். அதற்கும் வைத்தேன். இரண்டையும் பார்த்தபோது முதலாவது தளர்வாக இருப்பது போலத் தோன்றியது. இப்படியே மாறி மாறி எத்தனை கால் சுற்று வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் "நெரக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

எஞ்சினை ஓடவிட்டேன். முன்பு துளி துளியாக வந்த ஒயில் இப்போது கோடாக வந்தது. வாழ்நாள் முழுக்கக் கோடு வரைந்தவன் நான். ஆனால் இவ்வளவு நேரான ஒரு கோட்டை வெள்ளைத் தரையோட்டில் பார்க்க விரும்பியதில்லை. தக்கை இரண்டு இடத்தில் கிழிந்து மூடிக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு என் கையின் மேலேயே ஆத்திரம் வந்தது. மனைவி யன்னலால் பார்த்தாள். பார்த்துவிட்டு யன்னலைச் சாத்தினாள்.

சிநேகிதனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"இனித் தக்கை இல்லை மச்சான். தடைக் காலத்திலை என்ன செய்தனாங்கள்? அட்டை வெட்டினனாங்கள்தானே. நல்ல தடிச்ச, வழுவழுப்பான அட்டையா நாலு எடுத்து வெட்டி, ஒண்டின்மேலை ஒண்டா ஒட்டி, ஒயிலிலை ஊறவைச்சுப் போடு. ஒழுகாது. ஆனா உன்ரை கையை மட்டும் கட்டிவை."

வியாழக்கிழமை அட்டை வாங்கப் போகலாம் என்றால் அன்றைக்கு ஹர்த்தால், கடைகள் எல்லாம் பூட்டு. மனைவி, தன்னோடு வேலை செய்த ஒரு சிநேகிதியின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றவென்று ஸ்கூட்டரில் அடுத்த தெருவுக்குப் போயிருந்தாள். நான் வீடு முழுக்க அட்டை தேடினேன். மூடியோ ஒன்றேகால் அடி நீளம். பொருட்கள் வருகிற பெட்டிகள் உள்ளே கூடு, அமத்தினால் நசிந்துவிடும். புதுச் சேட்டு வருகிற பெட்டி மெல்லிசு. கலியாணப் பலகாரப் பெட்டிகள் தடிப்பானவை, ஆனால் நீளம் போதாது. கடைசியில் அலுமாரியைத் திறந்தேன்.

அலுமாரியின் கீழ்த்தட்டில் கல்வெட்டுகள் இருந்தன. எங்கள் ஊரில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அவர் படமும் வாழ்க்கை வரலாறும் தேவாரங்களும் சேர்த்து ஒரு புத்தகம் அடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்போம். ஒரு வீட்டில் வேறு புத்தகம் இல்லாவிட்டாலும் கல்வெட்டு இருபது முப்பது இருக்கும். யாரும் எறியமாட்டார்கள். யாரும் திறந்து பார்ப்பதும் இல்லை. எல்லாம் கையடக்கமான புத்தகங்கள், ஒன்றைத் தவிர. மாமாவின் கல்வெட்டை மட்டும் கனடாவிலிருந்த மகன்மார் பெரிய அளவில், நல்ல தடித்த, வழுவழுப்பான அட்டையில் அடிப்பித்திருந்தார்கள். அலுமாரித் தட்டில் அது நிமிர்ந்து நிற்காது, படுக்கத்தான் வைக்க வேண்டும். கூடுதலாக அடித்ததில் பன்னிரண்டு பிரதிகள் மிச்சமாகக் கிடந்தன.

அட்டையை விரித்து மூடிக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். அளவு எடுத்துச் செய்ததுபோல இருந்தது.

முன் அட்டையில் மாமா, திருநீறும் உருத்திராட்சமுமாக, என்னை நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கியர் கடுமை தம்பி என்று சொல்லும்போது எப்படிப் பார்ப்பாரோ அதே பார்வை. பாவமா, புண்ணியமா என்று யோசித்தேன். சனிக்கிழமை கொழும்பு மனிதர் காரை ஓட்டிக்கொண்டு போவதையும் யோசித்தேன். அவர் காரின் மூக்கில் பூமாலை கட்டி முன்பின் தெரியாத மாப்பிள்ளைகளை ஏற்றுவார். பன்னிரண்டில் நாலு போனால் எட்டு இருக்கும்தானே.

"மன்னியுங்கோ மாமா. உங்கடை காருக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் புத்தகக் கம்பிகளைக் கழற்றினேன்.

முகத்தில் பிளேட் படக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். காஸ்கட் வளையத்தின் மேல் விளிம்பு திருநீற்றுக்கு ஒரு விரற்கடை மேலாகவும் கீழ் விளிம்பு உருத்திராட்சத்துக்குக் கீழாகவும் போகும்படி அளந்து கோடு போட்டேன். நாலு அட்டைகளையும் தாழ்வாரத்தில் வைத்து வெட்டினேன். வெட்ட வெட்ட நடுத்துண்டு தானாகக் கழன்று தரையில் விழுந்தது. நாலு வளையங்களையும் பசை வைத்து ஒட்டிக் காயவிட்டு, ஒயில் பூசி, உட்காரவைத்துப் பார்ப்பதற்கு எடுத்தபோது படலை திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு கட்டு மாற்றுவது இவ்வளவு கெதியாக முடிந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மனைவி ஸ்கூட்டரை நிறுத்தினாள். தலைக்கவசத்தைக் கழற்றக் கை தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"இஞ்சரப்பா, உதென்ன?"

"அட்டை வெட்டினனான்."

"அட்டையோ? எங்கடை அப்பா நாலுபேர் நிலத்திலை கிடக்கினம்!"

உண்மைதான். வெள்ளைத் தரையோட்டில் நாலு மாமாக்கள் வரிசையாகக் கிடந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையிலிருந்த வளையத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"முகத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்றேன். "அளந்துதான் வெட்டினனான். திருநீறுக்கு மேலை ஒரு விரல் விட்டிருக்கு."

அவள் தலைக்கவசத்தோடேயே படியில் இருந்துவிட்டாள். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒரு காருக்காக அவள் தகப்பனை வெட்டி அவளை அழவைத்துவிட்டேனே என்று இருந்தது. கிட்டப் போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விட முடியாமல், கண்ணால் நீர் வடிய வடியச் சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் ஒரு மாமாவைத் தரையிலிருந்து எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, பார்த்தாள்.

"எனக்கு அப்ப பத்து வயசிருக்கும். முன்சீற்றிலை ஒருக்கா இருக்கட்டோ அப்பா எண்டு கேட்டனான். பொம்பிளைப் பிள்ளையள் பின்னாலை எண்டார். அண்ணைமார் ரண்டுபேரையும் மடியிலை வைச்சு ஸ்டியரிங் பிடிக்கக் குடுத்தவர். நான் பின்னாலை இருந்து அவையின்ரை பிடரியைப் பாத்துப் பாத்துத்தான் வளந்தனான். இந்தக் கார் எண்டால் எனக்கு ஞாபகம் வாறது மூண்டு பிடரிதான்."

ஆறு வருடமாக அவள் விற்கச் சொன்னது தரையோட்டுக்காக அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இதை நான் கேட்டறிந்ததில்லை. வெட்கமாக இருந்தது. "எனக்கும் அவர் தரேல்லைத்தானே" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள். பிறகு எழும்பித் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தாள்.

"தாங்கோ அந்த வளையத்தை. முன்னுக்கு இருத்தாத மனுசன், இப்ப எஞ்சினுக்குள்ளை இருந்து உழைக்கட்டும்."

காஸ்கட்டை இருத்தி மூடியை நான்தான் வைத்தேன். ஸ்பானரை எடுக்கப் போன கையை அவள் தட்டிவிட்டாள்.

"நீங்கள் தள்ளி நில்லுங்கோ. இது கட்டுப் போடுற மாதிரித்தான். இறுக்கினா விரல் நீலமாகும், தளர்ந்தா வழியும்."

ஸ்பானரின் நுனியை இரண்டு விரலால் பிடித்தாள். இந்த நட்டைக் கொஞ்சம், அந்த நட்டைக் கொஞ்சம். நட்டைப் பார்க்கவே இல்லை. யாருக்கோ நாடி பார்ப்பதுபோலத் தலையைச் சரித்துக்கொண்டு நின்றாள். ஓரிடத்தில் கை தானாக நின்றது. "காணும்" என்றாள். எனக்கு உள்ளங்கை தினவெடுத்தது. இன்னும் ஒரு கால் சுற்று என்று வாய் வரை வந்துவிட்டது. அவள் அதை எப்படித்தான் அறிந்தாளோ, ஸ்பானரைத் தன் கைப்பைக்குள் போட்டு இழுத்துப் பூட்டிக்கொண்டு உள்ளே போனாள். தரையில் கிடந்த நாலு மாமாக்களும் அவளோடு போனார்கள்.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். எங்கும் கசியவில்லை. பின்னேரம் என்னிடம் மிச்சமிருந்த பெரிய வரைதாள் ஒன்றைக் காருக்குக் கீழே விரித்தோம். நாலு மூலைக்கும் கல் வைத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை முகம் கழுவ முதலே தாழ்வாரத்துக்குப் போனேன். குனிந்து பார்த்தேன். அவ்வளவு பெரிய வெள்ளைத் தாளின் நடுவில், ஒரு உளுந்தளவு, கறுப்பாக ஒரு துளி.

அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். மாமாவையும் வெட்டி, துவாயையும் நாசமாக்கி, கடைசியில் ஒரு உளுந்தளவு துளியிடம் தோற்றுவிட்டேன். தாளை மெல்ல இழுத்துச் சுருட்டி வேறொன்றை விரித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்ததையும் எழுதத்தான் வேண்டும். கை தாளின் மூலைவரை போய்விட்டது. அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஒரு துளி கிடக்கு" என்றேன். "பேச்சுப் பேச்சுத்தான். கொழும்பானை வரச் சொல்லுவம்."

அவள் பொனட்டைத் திறந்தாள். டோர்ச் அடித்தாள். மூடியின் விளிம்பைச் சுற்றி விரலை ஓடவிட்டு, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரல் காய்ந்திருந்தது. பிறகு எஞ்சினின் விலாவுக்குக் கீழே கையை நீட்டித் தடவினாள்.

"உது பழைய ஒயில்" என்றாள். "நீங்கள் புதன்கிழமை வழியவிட்டது கீழை பிடிச்சு நிண்டு சொட்டியிருக்கு. புதுக்கட்டுப் போட்டாலும் பழைய அழுக்கு ஒருநாள் வடியும்தானே. இதுகூடத் தெரியாதே உங்களுக்கு?"

"ஆனா ஒரு துளி எண்டாலும் எண்டு நீர்தானே..."

"நான் இறுக்கினது ஒழுகாது."

அதை அவள் சொன்ன விதத்தில் மேல் நீதிமன்றத்துக்கும் இடமில்லை. கொழும்பு மனிதருக்குத் தொலைபேசி எடுத்து வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். நான் அந்தக் கணமே சொன்னேன். சந்தோஷத்தில் அந்த மனிதருக்கு நல்ல கார் கிடைக்கவேண்டும் என்று வாழ்த்தும் சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி காரின் வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மற்றக் கை என்னை நோக்கி நீண்டிருந்தது.

"திறப்பைத் தாங்கோ."

"எதுக்கு?"

"எதுக்கெண்டால்? ஓடத்தான்."

"இல்லையப்பா," என்றேன், "கியர் கடு..."

சொல் பாதியில் நின்றது. நிறுத்தியது நான்தானா, மாமாதானா தெரியாது. அந்தக் குரலை எனக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் எரிந்தது எவ்வளவு என்றும் தெரியும். ஆறு வருடமாகத் திறப்பு என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஓடிப் பார்க்கிறீரா என்று ஒரு நாளாவது அவளைக் கேட்டேனா? காரைப் பற்றிய அவள் முறைப்பாடெல்லாம் கேட்டேன், அதை மட்டும் கேட்கவில்லை.

திறப்பை அவள் கையில் வைத்தேன்.

அவள் ஏறி, சீற்றை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கைப்பையிலிருந்து ஒரு மாமாவை எடுத்து, வெயில் மறைப்புத் தட்டின் பட்டிக்குள் செருகினாள். "இருந்து பாக்கட்டும்" என்றாள். நான் சுற்றிப் போய்ப் பக்கத்துச் சீற்றில், இருபத்தைந்து வருடம் இருந்து பழகிய அதே இடத்தில் ஏறினேன்.

படலையடியில் இரண்டு தரம் எஞ்சின் நின்றது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்றாம் தரம் கிளச்சை மெதுவாக விட்டாள், அதே இரண்டு விரல் பதத்தில். கார் ஒரு உதறலும் இல்லாமல் ஒழுங்கைக்கு இறங்கியது. குழாய் திருத்துநர் எதிரே சைக்கிளில் வந்தவர் வேலியோடு ஒதுங்கி நின்று வாயைப் பிளந்தார். கண்டி வீதியில் ஏறியதும் மூன்றாம் கியர், பிறகு நாலாம் கியர். சாவகச்சேரிப் பக்கம் போகிற பஸ் ஒன்று பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது. அவள் அசையவில்லை. வெயில் கண்ணாடிக்குள்ளால் வந்து அவள் கையில் விழுந்தது. பத்து வயதில் கேட்டவளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்று நான் பார்த்தேன்.

அடுத்த நாள் விரித்த தாளில் ஒன்றுமே இல்லை. இன்றுவரை இல்லை. ஆனால் அது பிறகு.

அன்று நாவற்குழிப் பாலம் வரும்வரை நான் பேசவில்லை. பேசினால் மாமா பேசிவிடுவார் என்று பயம். பாலத்தில் ஏறும்போது அவள் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"இஞ்சரப்பா, அந்தக் கதவுப் பிடியை விடுங்கோ. கழண்டு கையோடை வரப்போகுது."

குனிந்து பார்த்தேன். பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததில் என் விரல் கணுக்கள் வெளுத்துப்போயிருந்தன. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கையை மடியில் வைத்துக்கொண்டேன்.